தேமாவும் புளிமாவும்

யாப்பிலக்கணம் பயிலப் புகும் மாணவர் முதற்கண் மனப்பாடம் செய்யும் வாய்பாடுகளுள் தேமா, புளிமா என்பன இரண்டு. ஈரசைச் சீர்களை அளந்து காட்டுதற்குப் பழந்தமிழ்ப் புலவர் எத்தனையோ சொற்களை எடுத்தாண்டிருக்கலாம். ஆயினும் அவர்கள் தெரிந்தெடுத்தவை மரங்களின் பெயர்களே. தேமா என்பது இனிக்கும் மாவைக் குறிக்கும். புளிமா என்பது புளிக்கும் மாவைக் குறிக்கும். மரம் ஒன்றே, இலை ஒன்றே, பூவும் ஒன்றே. ஆனால் ஒன்றன் கனி தேனாகிறது. மற்றொன்றன் கனி பல்லைக் கூசச் செய்கிறது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிந்தவரே தம் வீட்டுத் தோட்டத்தில் மாமரத்தை முறையாக வளர்த்துப் பயன்கொள்ள வல்லவர் ஆவர்.

மாவின் சிறப்பு

மா, பலா, வாழை என்னும் மூன்றையும் முக்கனி எனப் போற்றுவது தமிழர் வழக்கு. மங்கல நாளில் வாயிலை அணி செய்வது மாவிலைத் தோரணம். சித்திரைத் திருநாளன்று இலையில் இடம்பெறுவது மாங்காய்ப் பச்சடி. பிளந்த மாவடுவை மகளிர் கண்ணுக்கும், மாந்தளிரை அவர்தம் மேனிக்கும் உவமை கூறுவது புலவர் மரபு. மாங்காய் என்னும் சொல்லே தமிழ், மலையாளம் ஆகிய மொழிகளிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக மேலைநாடு சென்று, ‘மேங்கோ’ என உருமாறி உலக வழக்காயிற்று. 1753-ஆம் ஆண்டில் செடிகொடிகளுக்கு முறையான பெயரிட்ட லின்னேயஸ் என்னும் அறிஞரும் இம்மரத்துக்கு ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’ என்றே பெயர் சூட்டினார்.

தமிழ்நாட்டில் மாவுக்குப் பெயர் பெற்ற பகுதிகளுள் சேலம், நாமக்கல் சமவெளியும் ஒன்று. கொல்லிமலையின் அடிவாரத்தை அடுத்துள்ள சேந்தமங்கலம் இப்பகுதியில் உள்ள ஓர் ஊர். 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரையில் அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ‘சேலத்து மாம்பழம்’ என்றால் தமிழகமெங்கும் தனி மதிப்பு உண்டு. உருண்டு திரண்டு நாரின்றி இனிக்கும் மல்கோவா, பெயருக்கேற்ற வடிவுடைய குண்டு, மெல்லிய தோலை உடைய இமாம்பசந்து, தோளில் செம்மை படர்ந்த செந்தூரம், கிளியின் அலகுபோல் நுனி வளைந்த கிளிமூக்கு எனப்படும் பெங்களூரா, பருவத்தின் கடைசியில் வந்து கைகொடுக்கும் நீலம் என வகைகள் பல. ஈழத்து யாழ்ப்பாணத்திலும் கறுத்தக்கொழும்பான், அம்பலவி முதலிய வகைகளை மக்கள் விரும்பி வளர்க்கின்றனர்.

கொட்டையின் இயல்பு

மல்கோவாப் பழத்தைச் சுவைத்து மகிழ்ந்த சிறுவன் ஒருவன் அதன் கொட்டையைப் புழக்கடையில் ஊன்றுகிறான் என்று கொள்க. அது முளைத்து மரமாகிக் காய்க்குமேல், அக்கனி மல்கோவாவாக இருக்குமா? பெரும்பாலும் இராது. என்னை காரணம் எனின், பழத்தின் சதை தாய்மரத்தின் உடைமை. கொட்டையினுள் உறங்கும் கருவோ தாய், தந்தை ஆகிய இரு மரங்களின் கூட்டால் அமைந்தது. மாம்பூவில் மொய்க்கும் ஈ முதலிய சிற்றுயிர்கள் வேறொரு மரத்தின் மகரந்தத்தைச் சுமந்து வந்து சேர்க்கின்றன. அத்தந்தை மரம் அடுத்த தெருவில் நிற்கும் புளிமாவாகவும் இருக்கலாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இராமைபோல, ஒரு மரத்துக் கொட்டைகளும் ஒன்றைப்போல் ஒன்று அமைவதில்லை. தேமாவின் கொட்டை புளிமாவைத் தரலாம். புளிமாவின் கொட்டையும் ஒரோவழித் தேமாவைத் தரலாம்.

இதற்கு விலக்கும் உண்டு. மேலைக் கடற்கரையைச் சேர்ந்த ஒலூர் முதலிய சில வகைகளின் கொட்டை ஒன்றிலிருந்தே பல முளைகள் கிளம்பும். அவற்றுட் பெரும்பாலானவை தந்தையின் கலப்பின்றித் தாயின் உடலிலிருந்தே உண்டானவை. ஆதலின் தாயையே ஒத்திருக்கும். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் காணும் பெரும்பாலான வகைகளுக்கு இவ்வியல்பு இல்லை.

அங்ஙனமாயின் கொட்டை நடுதல் வீண் முயற்சியோ? அன்று. இன்று பெயர் பெற்று விளங்கும் பழைய வகைகள் பலவும் ஒரு காலத்தில் ஒரு தோட்டத்தில் ஒரு கொட்டையிலிருந்து முளைத்த தனி மரங்களே. இதற்கு நம் மல்கோவாவின் பெயர் தாங்கிய மாவைப் பற்றிய வரலாறு ஒன்றே சான்றாகும். 1889-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து சில மாங்கன்றுகள் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் ஃபுளோரிடாவில் நிலைத்து வளர்ந்த வகை ‘மல்கோபா’ என அங்கு வழங்கலாயிற்று. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஜான் ஹேடன் என்பவர் மல்கோபாவின் கொட்டையிலிருந்து முளைத்த கன்றுகளை 1902-ஆம் ஆண்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். மறு ஆண்டே அவர் காலமானார். அவர்தம் மனைவியார் ஃபுளோரன்ஸ் கன்றுகளைக் கைவிடாது பேணி வந்தார். 1910-ஆம் ஆண்டில் அவை முதன்முதல் காய்த்தபோது, அவற்றுள் ஒரு மரத்தின் கனி நிறத்தாலும் சுவையாலும் தாயினும் வேறுபட்டுத் தனித்து விளங்கியது. அதற்கு ‘ஹேடன்’ என்னும் பெயர் நிலைத்தது. அக்கன்றின் தந்தை ‘டர்ப்பன்டைன்’ எனப்படும் எளிய மாவகை என்று அண்மைக்கால மரபணு ஆய்வு காட்டியுள்ளது. இன்று உலகச் சந்தைகளில் மிகுதியாக விற்கும் ‘டாமி அட்கின்ஸ்’ என்னும் மாம்பழமும் ஹேடன் வழியில் வந்ததே. நட்டவர் சுவைக்காத கனியை உலகம் சுவைக்கின்றது.

ஆயினும் ஹேடன் வீட்டில் நின்ற கன்றுகள் பல. அவற்றுள் புகழ் பெற்றது ஒன்றே என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கொட்டை தருவது புதுமை, உறுதியன்று. உறுதி வேண்டுவோர் நாட வேண்டுவது ஒட்டுக்கன்றையே.

ஒட்டின் இயல்பு

ஒட்டுக்கன்று என்பது இரு செடிகள் இணைந்த ஓருடல். கீழே வேரோடு நிற்பது கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. மேலே பொருத்தப்படுவது விரும்பிய மரத்தின் கிளையிலிருந்து வெட்டிய ஒட்டுக்குச்சி. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே பசிய மெல்லிய படலம் ஒன்று உண்டு. மரம் பருத்து வளர்வதற்குக் காரணமாவது அதுவே. இரு செடிகளின் படலங்களும் ஒன்றையொன்று தொடுமாறு பொருத்திக் கட்டினால், சில வாரங்களில் அவை கூடி ஒன்றாகும். பின்னர் வேர் நீரும் உணவும் தரும்; குச்சி தன் இயல்பு மாறாது தளிர்த்துக் காய்க்கும். மல்கோவாக் குச்சி எந்த வேரின்மேல் நின்றாலும் மல்கோவாவையே காய்க்கும்.

சுவடிகள் வாழ்ந்த வரலாற்றோடு இதனை ஒப்பிடலாம். கொட்டையிலிருந்து மரம் தோன்றுவது புதியதொரு நூல் இயற்றுவது போன்றது. ஒட்டுக் கட்டுவது பழஞ்சுவடியைப் பார்த்துப் பிழையின்றிப் பெயர்த்தெழுதுவது போன்றது. பெயர்த்தெழுதுவார் இருந்தமையால் பல நூல்கள் பிழைத்தன. இன்மையால் செல்லுக்கு இரையாகி மறைந்தவை மிகப் பல. 1880-ஆம் ஆண்டில் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதன் பயனாகவே உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கி, 1887-இல் அச்சேற்றினார். காலத்தில் கைக்கொண்டமையால் அந்நூல் இன்றும் வாழ்கிறது. மரத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கொட்டைக்கன்று காய்ப்பதற்கு ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரை ஆகும். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்ப்புக்கு வரும். கொட்டைமரம் உயர்ந்தோங்கி வளரும். ஒட்டுமரம் பெரும்பாலும் தாழ்ந்து படர்ந்து நிற்கும். ஆதலின் சிறிய வீட்டுத் தோட்டத்துக்கு ஒட்டுக்கன்றே ஏற்றது.

நடும் முறை

கன்று வாங்குமுன் இடத்தை நோக்குக. மாவுக்கு வெயில் நன்கு வேண்டும். நீர் தேங்கும் இடம் ஆகாது. ஆழமான செம்மண் அதற்குச் சாலச் சிறந்தது. வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியேனும் தள்ளி நடுதல் நலம். மல்கோவா, பெங்களூரா போன்ற பெருமரங்களுக்கு இடையே 30 அடி இடைவெளி வேண்டும். அத்துணை இடம் இல்லாதவர் குட்டை வகையை நாடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் நீலத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ‘பையூர் 1’ அத்தகையது. நீலத்தையும் வடநாட்டுத் தசேரியையும் கலந்து உண்டாக்கிய ‘அம்ரபாலி’யும் சிறிய இடத்தில் அடங்கி வளரும். ஆண்டுதோறும் தவறாது காய்க்கும் மரம் வேண்டுவோர்க்கு நீலமும் பெங்களூராவும் ஏற்றவை. மல்கோவாவும் இமாம்பசந்தும் சுவையில் உயர்ந்தவையேனும் காய்ப்பிற் குறைந்தவை.

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் உள்ள குழியைச் சில வாரங்களுக்கு முன்பே வெட்டி வெயிலில் ஆறவிடல் வேண்டும். வெட்டும்போது மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்தல் வேண்டும். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம்பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்புக. ஆடி முதல் கார்த்திகை வரையுள்ள மழைக்காலம் நடுதற்கு உரியது. கன்றின் மண்கட்டி உடையாதபடி பையை மட்டும் கிழித்து நீக்கி, மாலை வேளையில் நடுதல் வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்குமேல் அரையடியேனும் இருத்தல் இன்றியமையாதது. அது மண்ணில் புதைந்தால் கேடு விளையும். காற்றில் ஆடாதவாறு ஊன்றுகோல் நட்டு மெல்லக் கட்டுக. ஒட்டில் சுற்றிய நாடா இன்னும் இருக்குமாயின், ஒட்டு நன்கு கூடிய பின்னர் அதனை அவிழ்த்துவிடல் வேண்டும். மறந்துவிட்டால் தண்டு பருக்கும்போது அது கழுத்தை நெரிக்கும்.

பேணும் முறை

நட்ட ஓராண்டில் கருத்தூன்றிக் காண வேண்டுவது ஒன்று உண்டு. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து தளிர்கள் கிளம்பும். ‘கன்று செழிக்கின்றது’ என்று மகிழ்ந்து அவற்றை விட்டுவிடுவோர் பலர். அத்தளிர்கள் விரைந்தோங்கி மேலுள்ள ஒட்டுக்குச்சியை வாட்டிவிடும். ஆறாண்டு காத்திருந்து காயைக் கடிக்கும்போதுதான், தேமா நட்ட இடத்தில் புளிமா நிற்பது தெரியவரும். எனவே ஒட்டுக்குக் கீழே தோன்றும் தளிரை அன்றன்றே கிள்ளி எறிதல் வேண்டும்.

வேர் ஊன்றும் வரை மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை நீர் விடுக. முதல் மூன்றாண்டுகளில் தோன்றும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுதல் நன்று. இளங்கன்றைக் காய்க்கவிடுதல் சிறு பிள்ளையின் தலையில் பெருஞ்சுமை ஏற்றுவதை ஒக்கும். தாழ்ந்த கிளைகளையும் உட்புறம் நெருங்கிய கிளைகளையும் கழித்து, வெயிலும் காற்றும் உட்செல்லுமாறு மரத்தை அமைத்தல் வேண்டும்.

வளர்ந்த மரம் பெரும்பாலும் மார்கழி முதல் மாசி வரை பூக்கும். அதற்கு முந்திய இரண்டு மாதங்களில் நீர் பாய்ச்சாது நிறுத்தினால் பூப்பு மிகும். நீர் விட்டுக்கொண்டே இருந்தால் பூவுக்கு மாறாகத் தளிரே வரும். பிஞ்சு பிடித்த பின்னர் மீண்டும் நீர் விடுக. ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூக்கள் இருத்தல் உண்டு. அவற்றுள் கனியாவது ஒன்றோ இரண்டோ. ஆதலின் பூவும் பிஞ்சும் கொட்டுவது கண்டு கலங்க வேண்டுவதில்லை.

பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சும். சாம்பல் நோய் பூங்கொத்தில் வெண்மாவு தூவினாற்போல் படரும். சாம்பல் நோய்க்கு நீரில் கரையும் கந்தகத் தூள் மருந்தாகும். ஆனால் பூ முழுதும் விரிந்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளித்தலாகாது. மகரந்தம் சுமக்கும் ஈக்களும் அதனால் மடியும். பழ ஈ துளைத்து வீழ்த்திய கனிகளை அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்துவிட்டால் அடுத்த தலைமுறை ஈக்கள் பெருகா.

முதிர்ந்த காயைக் கீழே விழவிடாமல், வலை கட்டிய துறட்டியால் சிறு காம்போடு பறித்தல் வேண்டும். காம்பிலிருந்து வடியும் பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், கனியும் கறைபடும். பறித்த காயை வைக்கோலில் பரப்பி வைத்தால் தானே கனியும். கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைத்தல் உடலுக்குத் தீங்கு தருவது, சட்டத்தாலும் விலக்கப்பட்டது. வீட்டு மரத்தின் பெரும்பயனே இத்தகைய தீங்கற்ற கனி கிடைப்பதுதான்.

பழைய மரத்தைக் காத்தல்

சேந்தமங்கலம் போன்ற ஊர்களில், பழைய வீடுகளின் புழக்கடையில் பாட்டனார் காலத்துக் கொட்டைமரங்கள் சில இன்றும் நிற்றல் கூடும். அவற்றுக்குச் சந்தையில் பெயர் இல்லை. ஒன்று ஊறுகாய்க்கு ஏற்றது. ஒன்று வடுவுக்கு ஏற்றது. ஒன்றன் கனி சிறிதாயினும் தேனாய் இனிப்பது. புளிமாவும் வீட்டுக்கு வேண்டுவதே. அஃது இன்றேல் ஊறுகாய்ச் சாடி சுவை குன்றும். இவை ஒவ்வொன்றும் கொட்டையிலிருந்து வந்த தனி மரம் ஆதலின், அதனை ஒத்த மற்றொன்று உலகில் எங்கும் இல்லை. வீடு பிரியும்போதும், புதுக் கட்டடம் எழும்போதும் அம்மரம் வெட்டப்படின் ஒரு மரம் மட்டும் அழிவதில்லை. ஒரு வகையே அழிகிறது. அதன் கொட்டையை நட்டு அதனை மீட்டுவிடலாம் என்று எண்ணுவது வீண். கொட்டை அம்மரத்தைத் திரும்பத் தராது.

அதனைக் காக்க வழி எளிது. ஒரு சாண் குச்சி போதும். காய்க்கும் கிளையில் எழுதுகோற் பருமன் உள்ள, மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனிக்கொம்பைத் தெரிந்துகொள்க. வெட்டுதற்கு ஒரு வாரம் முன்பே காம்பு மட்டும் நிற்க இலைகளை நறுக்கிவிட்டால், நுனிமொட்டு பருத்துத் தளிர்க்க ஆயத்தமாகும். பின்னர் அதனை வெட்டி, அடியை இருபுறமும் ஆப்புப்போல் சீவி, அதே பருமனுள்ள இளங்கன்றின் தண்டை நறுக்கிப் பிளந்து செருகி, பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டி நிழலில் வைத்தல் வேண்டும். ஒட்டுக் கூடினால் சில வாரங்களில் நுனி தளிர்க்கும். கைப்பழக்கம் இல்லாதவர் குச்சியை ஈரத்துணியில் சுற்றி, நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுவோரிடம் அன்றே சேர்ப்பிக்கலாம். வெட்டிய குச்சி நெடுநாள் உயிர்தாங்காது ஆதலின் காலம் தாழ்த்தலாகாது.

புதிய கன்று நட இடமில்லையேல், முன்பே நிற்கும் மரத்தின் கிளையிலும் ஒட்டலாம். உத்தரப் பிரதேசத்து மலிகாபாதைச் சேர்ந்த கலீமுல்லா கான் என்னும் தோட்டக்காரர் ஒரே மரத்தில் முந்நூறு வகை மாக்களை ஒட்டி வளர்த்துப் புகழ் பெற்றார். அவருக்கு 2008-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு மரம் ஒரு நூலகமே ஆகலாம் என்பதை அவர் காட்டினார்.

மாமரத்தைக் காத்தவன் என ஒருவனைச் சங்க இலக்கியம் குறிக்கிறது. அவன் நன்னன் என்னும் குறுநில மன்னன். அவனது காவல்மரம் ஒரு மா. நீராடச் சென்ற பெண் ஒருத்தி, ஆற்றில் மிதந்து வந்த அம்மரத்துக் காயை எடுத்துத் தின்றாள். அக்குற்றத்துக்கு ஈடாக எண்பத்தொரு யானைகளும், அவளது நிறைக்கு நிறையான பொற்பாவையும் தருவதாகக் கூறியும் நன்னன் இசையாது அவளைக் கொன்றான். பரணர் என்னும் புலவர் இக்கொடுமையைக் குறுந்தொகைப் பாட்டொன்றில் எடுத்துரைத்து, அவன் பெயருக்கு அழியாப் பழியைச் சேர்த்தார். அத்துணைக் கடுமையாகக் காத்த அம்மரத்தையும் பின்னர்க் கோசர் என்போர் வெட்டி வீழ்த்தினர் என அவரே மற்றொரு பாட்டில் கூறுகின்றார். அதன் கனி தேமாவோ புளிமாவோ, இன்று அறிவார் எவரும் இலர்.

ஒருவருக்கும் கொடாது காத்த மரம் அழிந்தது. ஹேடன் வீட்டு மரமோ குச்சி குச்சியாகப் பிறர்க்கு வழங்கப்பட்டமையால் நாடெங்கும் நிற்கின்றது. மரத்தைக் காக்கும் வேலி முள்ளன்று, கொடையே ஆகும். பாட்டி ‘நம் வீட்டு மா’ எனப் பெயர் சொல்லி அழைக்கும் மரம் எந்தப் புழக்கடையில் நிற்கின்றதோ, அங்குள்ள மாணவர் இவ்வாண்டு மழைக்காலத்திலேயே அதிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து ஒட்டுக் கட்டுவாராக. ஒன்றைத் தம் வீட்டில் நடுக. மற்றொன்றை அண்டை வீட்டாருக்கு அளிக்க.